நாதன் அண்ணாச்சியின் சம்மணம்

1974 தீபாவளி வரைக்கும், அதாவது தன்னுடைய ஐம்பத்து மூன்றாவது வயது வரைக்கும், சிதம்பரநாதன் நாற்காலியில் உட்கார்ந்த சந்தர்ப்பங்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். பல் பிடுங்கிக்கொள்ள ஒரு தடவை. மூத்த மகள் கல்யாணத்தில் போட்டோவுக்காக ஒரு தடவை. அந்தப் படத்திலும் எழுந்து ஓடத் தயாராக நுனியில்தான் இருக்கிறார். முடிவெட்டும் கடையைக் கணக்கில் சேர்க்க வேண்டாம். மற்றபடி அவர் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டார், தரையில் உட்கார்ந்து பேப்பர் படித்தார், தரையில் உட்கார்ந்தே சம்பாதித்தார்.

சம்பாதித்த இடம் தியாகராய நகரில், பனகல் பூங்காவிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருந்த உலகநாயகி சில்க் ஹவுஸ். கீழ்த்தளத்தில் பருத்தி, சட்டைத் துணி, நைலெக்ஸ். அங்கே விற்பவர்கள் நின்றுகொண்டு விற்பார்கள். மாடியில் பட்டு. பட்டை நின்றுகொண்டு விற்பது முதலாளி கணேசமூர்த்தியின் குடும்பத்துக்கு ஆகாது. முழங்கால் உயரத்துக்கு ஒரு மேடை, அதன்மேல் மெத்தை, மெத்தைமேல் வெளுத்த விரிப்பு. விற்கிறவரும் அதில் சம்மணம், வாங்க வருகிறவர்களும் அதில் சம்மணம். பட்டு லட்சுமி என்பதால் அதற்கு நேராக யாரும் காலை நீட்டக் கூடாது, தொங்கவிடவும் கூடாது. படியேறியதும் கண்ணில் படுகிற முதல் மெத்தை சிதம்பரநாதனுடையது. திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்தவர் என்பதால் கடை முழுக்க அவர் நாதன் அண்ணாச்சி.

அவர் புடவையை விரிப்பதைப் பார்க்கவே கூட வந்த சம்பந்திகள் தள்ளி உட்கார்ந்து இடம் கொடுப்பார்கள். மடித்த புடவையை இரண்டு விரலில் பிடித்து ஒரு வீசு. முந்தானை காற்றில் பறந்து, மணப்பெண்ணின் முழங்காலுக்கு ஒரு சாண் முன்னால் சத்தமில்லாமல் வந்து படுக்கும். ஒரு நாளும் மேலே பட்டதில்லை. ஒரு நாளும் எட்டாமல் போனதில்லை.

விபத்து நடந்தது தீபாவளிக்குச் சில நாள் முன்பு. கீழே இடம் போதாமல் நைலெக்ஸ் புடவைகளில் கொஞ்சத்தை மாடிக்குக் கொண்டுவந்து மூலையில் குவித்திருந்தார்கள். நாதனுக்கு அது பிடிக்கவில்லை, சொல்லியும் பார்த்தார். சாயங்கால நெரிசலில், இரண்டு கை நிறையப் பட்டை அடுக்கிக்கொண்டு மேடையிலிருந்து இறங்கியவர், யாரோ பார்த்துவிட்டு நழுவவிட்ட வழவழப்பான நைலெக்ஸ் புடவை ஒன்றின்மேல் காலை வைத்தார். கையை ஊன்றியிருக்கலாம். ஊன்றினால் பட்டு தரையில் போகும். ஊன்றவில்லை. புடவைகளை மார்போடு அணைத்தபடி இடது இடுப்பு அடிபட விழுந்தார். ஒரு புடவைகூட மடிப்புக் கலையவில்லை என்பதை முதலாளி வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொன்னார். இடுப்பு என்ன ஆயிற்று என்பதை அதற்குப் பிறகு சொன்னார்.

முதலில் எலும்பு கட்டுகிற வைத்தியரிடம் போனார்கள். முட்டை வெள்ளைக்கருப் பற்று, மூங்கில் பட்டை, இறுக்கிக் கட்டு. கத்தரிக்காயும் கருவாடும் ஆகாது என்று பத்தியம். கட்டை அவிழ்த்தபோது கால் குட்டையாகியிருந்தது, நிற்க வரவில்லை. பெரிய ஆஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்த டாக்டர், தொடை எலும்பின் தலை ஒடிந்து சேராமலே கிடக்கிறது, இனிச் சேராது, அதை எடுத்துவிட்டு எஃகில் ஒரு தலை வைக்க வேண்டும் என்றார். தை மாதம் வைத்தார்கள்.

வீட்டுக்கு அனுப்பும் நாளில், வார்டு நிறைய ஆள் நிற்க, டாக்டர் கட்டிலோரம் நின்று மளமளவென்று சொன்னார். தரையில் உட்காரக் கூடாது. சம்மணம் கூடாது. குந்தக் கூடாது. கால்மேல் கால் கூடாது. நாதன் தலையாட்டினார். அவர் மனைவி தங்கபுஷ்பமும் தலையாட்டினாள். எவ்வளவு காலத்துக்கு என்று இருவரும் கேட்கவில்லை. கேட்க என்ன இருக்கிறது? வைத்தியர் ஒன்றைக் கூடாது என்றால் அது பத்தியம். பத்தியம் என்றால் ஒரு மண்டலம், மிஞ்சினால் இரண்டு. அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்துக்கொண்டு பழையபடி ஆகிவிடலாம். கத்தரிக்காய்க்கு அப்படித்தான். சம்மணத்துக்கு மட்டும் வேறு எப்படி இருக்கும்?

மேற்கு மாம்பலத்தில் ஒரு சந்துக்குள் அவர்கள் வீடு: ஒரு கூடம், ஒரு சமையலறை, பின்கட்டில் நான்கு குடித்தனங்களுக்குப் பொதுவான கக்கூஸ். அதற்கென்று தச்சரிடம் சொல்லி, நடுவில் ஓட்டை போட்ட ஒரு நாற்காலி செய்தார்கள். அதைத் தூக்கிக்கொண்டு தங்கபுஷ்பம் முன்னால் நடக்க, கம்பூன்றி நாதன் பின்னால் போக, சந்தில் இருக்கிற எல்லாருக்கும் அவர் எங்கே போகிறார் என்று தெரியும். அவமானத்தில் அவர் குனிந்த தலை நிமிர்வதில்லை.

சாப்பாட்டுக்கு இன்னொரு நாற்காலி, முன்னால் ஒரு முக்காலி, அதன்மேல் தட்டு. தங்கபுஷ்பம் பழக்கப்படி தரையில் உட்கார்ந்து அண்ணாந்து பரிமாறினாள்.

"கொலு பொம்மைக்குப் படைக்கிற மாதிரில்லா இருக்கு. கண்ணையாவது சிமிட்டுங்க, உசிரு இருக்கான்னு தெரியட்டும்."

"ஏன், நீயும் ஒரு நாற்காலி போட்டு உக்காரேன்."

"நான் எதுக்கு? எனக்கென்ன இரும்பு இடுப்பா?"

வலி போகவில்லை. அதுதான் விஷயம். அறுத்த இடம் ஆறிவிட்டது; தழும்புகூட வெளுக்கத் தொடங்கிவிட்டது. வலி அங்கே இல்லை. தொடையின் நடுவில், எலும்புக்குள், சொத்தைப் பல்லைப் போல ஒரு வலி. எழுந்து முதல் அடி வைக்கும்போது சுளீர் என்று வரும். நடந்தால் மந்தமாகும். கொஞ்சம் அதிகம் நடந்தால் திரும்ப வரும். நேற்றைவிட இன்று தேவலை என்று நினைத்த மறுநாள், நேற்றைவிட மோசமாக இருக்கும். மாசி போய்ப் பங்குனி, பங்குனி போய்ச் சித்திரை. வலிக்குக் காலண்டர் தெரியவில்லை.

பார்க்க வந்தவர்களோ தெரிந்த கதைகளோடு வந்தார்கள். ஒருவருடைய மச்சினன் இதே ஆபரேஷன் செய்துகொண்டு ஒரே மாதத்தில் பழனி மலை ஏறினான். இன்னொருவருடைய பெரியப்பா எண்பது வயதில் சைக்கிள் விட்டார். "உங்களுக்கு மட்டும் ஏன் அண்ணாச்சி இழுத்துக்கிட்டுப் போவுது?" என்று கேட்டார்கள். அவர் வேண்டுமென்றே இழுத்துக்கொண்டு போவது போல. நாதன் அவர்களுக்குக் காபி கொடுக்கச் சொல்லிவிட்டுச் சுவரைப் பார்ப்பார். அவர்கள் போன பிறகு கம்பால் அந்தச் சுவரை ஒரு அடி அடிப்பார். சுண்ணாம்பு உதிரும்.

ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனவன் வடிவேலு. கைரிக்ஷா இழுத்துக்கொண்டிருந்து, சர்க்கார் அதை ஒழித்தபின் சைக்கிள் ரிக்ஷாவுக்கு மாறியவன்.

"இன்னா அண்ணாச்சி, இன்னும் நோவுதா?"

"நோவுது."

"உள்ள கீறது இரும்பு தானே? இரும்புக்கு ஏது நோவு? ஏறிக் குந்து."

"குந்தக் கூடாதுன்னு சொல்லியிருக்காவ வடிவேலு."

"அய்ய, அப்ப படுத்துக்கினா வருவ? சும்மா கால நீட்டிக்கினு சாஞ்சுக்கோ. அரச மாதிரி இட்டுகினு போறேன்."

டாக்டர் எக்ஸ்ரே படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். பக்கத்தில் நின்ற மாணவர்களுக்கும் காட்டினார். "பிரமாதம். எவ்வளவு அழகா உட்கார்ந்திருக்கு பாருங்க."

"தொடையில வலிக்கி டாக்டர்."

"படத்துல ஒண்ணுமில்லையே."

"படத்துக்கு வலிக்கலைங்க. எனக்கு வலிக்கி."

மாணவர்கள் சிரித்தார்கள். டாக்டரும் சிரித்து, சிலருக்கு வருஷக்கணக்கில்கூட வலி இருக்கும், நடங்கள், மாத்திரை போடுங்கள் என்று சீட்டு எழுதினார். எப்போது சம்மணம் போடலாம் என்ற கேள்வி நாதனின் நாக்கு நுனிக்கு வந்தது. பின்னால் வரிசை நெட்டித் தள்ளியது. அது ஒரு காரணம். கேட்டால் இன்னும் ஒரு மண்டலம் என்று சொல்லிவிடுவாரோ என்ற பயம் இன்னொரு காரணம். கேட்காமல் வந்துவிட்டார்.

வைகாசியில் கடைக்குப் போனார். நல்ல காலை முன்வைத்து, கெட்ட காலை இழுத்து, கைப்பிடியைப் பற்றி மாடி ஏறியதும் கண்ணில் பட்டது அவருடைய மெத்தை. அதில் ஜவஹர் உட்கார்ந்திருந்தான். சட்டைத் துணிப் பிரிவிலிருந்து மேலே ஏற்றப்பட்டவன், முப்பது வயசு, சினிமாக் கிருதா. புடவையைப் பிரித்துப் பிரித்து மடியில் குவித்துக்கொண்டிருந்தான். பார்க்கச் சகிக்கவில்லை. விற்றுக்கொண்டிருந்தான் என்பது அதைவிடச் சகிக்கவில்லை.

"வாங்க அண்ணாச்சி! சும்மா சூடு ஆறாம வச்சிருக்கேன் ஒங்க எடத்த," என்றான் ஜவஹர்.

"அழுக்குத் துணி குவிக்குத மாதிரில்லாடே விரிக்கே."

"விரிப்பு எப்பிடி இருந்தா என்ன அண்ணாச்சி? பில்லு விழுதா இல்லையா?"

முதலாளி கணேசமூர்த்தி மரியாதைக்காரர். காபி வரவழைத்தார். கல்லாவுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு, பில் சரிபார்க்கிற வேலை தருவதாகச் சொன்னார். சம்பளத்தில் குறை வைக்கமாட்டேன் என்றார்.

"மெத்தைக்கு அருகே ஒரு ஸ்டூல் போட்டுக்கிடுதேனே மொதலாளி."

"ஸ்டூல்ல உக்காந்தா காலு தொங்கும்லா அண்ணாச்சி. பட்டுக்கு நேரா." முதலாளியின் குரல் தணிந்தது. "எங்கப்பா படம் மாட்டியிருக்கு மேல. அவுக பாத்துக்கிட்டு இருக்காவ. ஆவணி முகூர்த்தத்துக்கு நீங்க மெத்தையில உக்காந்துட்டீயன்னா இடம் உங்களுக்குத்தான். இல்லேன்னா ஜவஹரே இருக்கட்டும். நான் வேற என்ன செய்ய?"

ஆவணி. நாதன் அந்த மாதத்தைப் பிடித்துக்கொண்டார். மூன்று மண்டலம் தாண்டிவிட்டால் எந்தப் பத்தியமும் முடிந்துதான் ஆகவேண்டும்.

ஆடியில், தங்கபுஷ்பம் கோவிலுக்குப் போயிருந்த ஒரு வெள்ளிக்கிழமை, சுவரோரம் இரண்டு தலையணை போட்டு, நாற்காலியைப் பிடித்து இறங்கி, இடது காலை மடக்கப் பார்த்தார். முழங்கால் மடங்கியது. இடுப்பு மடங்க மறுத்தது. கையால் பாதத்தைப் பிடித்து இழுத்து வலது தொடைக்கு அடியில் செருகினார். கண்ணில் நீர் வந்தது. ஆனால் உட்கார்ந்துவிட்டார்! கோணலாக, ஒரு பக்கம் சரிந்த மூட்டை போல, உட்கார்ந்துவிட்டார். பக்கத்தில் கிடந்த துண்டை எடுத்து வீசிப் பார்த்தார். அது பாதி தூரத்திலேயே விழுந்தது. இத்தனை வருஷம் அந்த வீச்சு மணிக்கட்டில் இருந்தது என்று நினைத்திருந்தார். அது இடுப்பில் இருந்திருக்கிறது.

தங்கபுஷ்பம் திரும்பி வந்தபோதும் அதே இடத்தில்தான் இருந்தார். இறங்கத் தெரிந்ததே தவிர எழுந்திருக்கத் தெரியவில்லை.

"பத்தியம் முடிஞ்சிட்டா?" என்றாள் அவள், பூக்கூடையைக் கீழே வைக்காமலே.

"முடிஞ்சிட்டு."

"பிறகு ஏன் மூஞ்சி இப்பிடிக் கருத்துக் கெடக்கு?"

"மறுபத்தியம். கொஞ்சம் கொஞ்சமாத்தான் சேத்துக்கிடணும்."

அவள் நம்பினாள். அவரும் நம்பினார். அதற்குப் பிறகு தினமும் அவளே தலையணை எடுத்துப் போட்டு, அவளே அக்குளில் கை கொடுத்துத் தூக்கிவிட்டாள்.

ஆவணி பிறந்த வாரத்தில் அபிராமபுரத்துக் காமாக்ஷி மாமி கடைக்கு வந்தாள். முதல் இரண்டு பெண்களின் கல்யாண ஜவுளியும் நாதனின் மெத்தையில் எடுத்தவள். இப்போது கடைக்குட்டி சீதாவுக்கு. முதல் மெத்தையில் கிருதாவைப் பார்த்ததும் படியிலேயே நின்றுவிட்டாள்.

"நாதன் எங்கே? அவர் இல்லேன்னா நான் மயிலாப்பூர்லயே எடுத்துக்கறேன்." மாமி கறாராகச் சொன்னாள். "பூக்காரனுக்குச் சொல்லிட்டு வரேன். அதுக்குள்ள வரவழைச்சா பார்க்கலாம்."

முதலாளி வடிவேலுவை விரட்டினார். வடிவேலு சந்துக்குள் மணியடித்துக்கொண்டே நுழைந்தான். "அண்ணாச்சி, கல்யாண பார்ட்டி! ஒன்னத்தான் கேக்குது அந்தம்மா. சட்ட மாட்டிகினு வா, சீக்கிரம்!"

ஏழு மாதத்தில் நாதன் அவ்வளவு வேகமாகச் சட்டை போட்டதில்லை.

மாமி திரும்பி வருவதற்குள் அவர் மெத்தையில் இருந்தார். ஜவஹர்தான் பிடித்து இறக்கினான். "வேண்டாம் அண்ணாச்சி, காலு கோணிக்கிட்டு நிக்கி," என்று காதருகே சொன்னான். "வாய மூடிட்டு அரக்குக் கலர எடுத்து அடுக்குடே," என்றார் நாதன். வலி தொடையிலிருந்து முதுகுக்கு ஏறிக்கொண்டிருந்தது. வெள்ளை விரிப்பு உள்ளங்கைக்குக் கீழே குளிர்ச்சியாக இருந்தது. அந்தக் குளிர்ச்சிக்காக எதையும் பொறுத்துக்கொள்ளலாம் போலிருந்தது.

மாமி சீதாவின் தோளைப் பிடித்து, மெல்ல, நிதானமாக அமர்ந்தாள். பெரிய மனுஷியின் தோரணை என்று நாதன் நினைத்துக்கொண்டார். "கீழ விழுந்துட்டேளாமே? இப்போ தேவலையா?"

"நல்லா இருக்கேன் மாமி."

முதல் புடவையை வீசினார். முந்தானை ஒரு முழம் முன்னாலேயே விழுந்துவிட்டது. மாமி கையை நீட்டி அதை இழுத்துக்கொண்டாள். நாதனுக்கு முகம் எரிந்தது. இரண்டாவதைப் பல்லைக் கடித்துக்கொண்டு வீசினார். அது கொஞ்சம் நெருங்கியது. அரக்குக் கூறைப்புடவை சீக்கிரமே முடிவாகிவிட்டது. ரிசப்ஷனுக்கு ஒன்று, நாத்தனாருக்கு ஒன்று, சம்பந்தி மாமிக்கு ஒன்று. எல்லாம் ஆயிற்று.

பட்டுப் பிரிவில் ஒரு வழக்கம் உண்டு. ஜவுளி முடிந்ததும் விற்றவர் எழுந்து, மூட்டையைக் கையில் ஏந்தி, படி வரை கூடப் போய்க் கொடுத்து அனுப்ப வேண்டும். மாமி எழுந்து நகர்ந்துவிட்டால் ஜவஹரைக் கூப்பிட்டு எப்படியாவது சமாளித்துவிடலாம் என்று நாதன் காத்திருந்தார். மாமி எழுந்திருக்கவில்லை.

"இன்னும் ஒண்ணு ரெண்டு பார்க்கலாமே," என்றாள்.

"பாக்கலாம் மாமி! தாராளமாப் பாக்கலாம்!" நாதனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

மயில்கழுத்து நிறம் வந்தது. வாடாமல்லி வந்தது. மாம்பழ மஞ்சள் வந்தது. மாமி ஒவ்வொன்றையும் தடவிப் பார்த்து, "அடுத்தது?" என்றாள். நாதன் ஒவ்வொன்றையும் விரித்து, ஜரிகையைப் பற்றி முன் எப்போதும் பேசாத அளவுக்குப் பேசினார். கீழேயிருந்து காபி வந்தது. வியாபாரத்தைக் கேள்விப்பட்டு முதலாளியே மேலே வந்து, அப்பா படத்துக்குக் கீழே கை கட்டி நின்று பூரித்தார்.

சீதா ஒரு பாங்க்கில் வேலை பார்ப்பவள். கைக்கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்து அலுத்துவிட்டாள். "அம்மா, எல்லாருக்கும் எடுத்தாச்சு. இன்னும் யாருக்கும்மா?"

"உனக்குப் பொறக்கப்போற பொண்ணுக்கு. சும்மா இரு."

கைக்கு எட்டிய புடவைகள் தீர்ந்துபோயின. நாதன் ஜவஹரை இன்னும் கொண்டுவரச் சொன்னார். ஜவஹர் விழித்தான். "அண்ணாச்சி, இனி இருக்கிறதெல்லாம் அவுக வேண்டாம்னு தள்ளினது."

"அதையே கொண்டா!"

"ஆமாம், அதையே கொண்டு வா," என்றாள் மாமியும்.

பிறகு அவள் முன்னால் சாய்ந்து குரலைத் தாழ்த்தினாள். "நாதன், ஒண்ணு சொல்றேன், மனசோட வச்சுக்கோங்கோ. எனக்கு முட்டி ரெண்டும் போயிடுத்து. உட்கார்ந்தா எழுந்துக்க முடியறதில்லை. நீங்க எழுந்து அந்தண்டை போனா, இவளைப் பிடிச்சுண்டு எப்படியாவது எழுந்துண்டுடுவேன். அரை மணியாப் பார்க்கறேன். நீங்க ஏன் போகவே மாட்டேங்கறேள்?"

நாதனின் நெற்றியிலிருந்து வேர்வை சொட்டியது. புடவையில் விழாமல் துண்டால் ஒற்றிக்கொண்டார்.

"மாமி, நீங்க போவீயன்னுல்லா நான் உக்காந்திருக்கேன்."

மாமி அவர் முகத்தைப் பார்த்தாள். அவருடைய காலைப் பார்த்தாள். அப்புறம் சிரித்தாள், மூக்குத்தி அசைய, கண்ணில் நீர் வரும் வரை. நாதன் சிரிக்கவில்லை. சிரித்தால் இடுப்பு குலுங்கும்.

மாமியை சீதாவும் கடைப்பெண் ஒருத்தியும் தூக்கினார்கள். நாதனை ஜவஹரும் முதலாளியும் தூக்கினார்கள். அப்போது அவர் போட்ட சத்தம் கீழே நைலெக்ஸ் பிரிவு வரை கேட்டது. ஜனங்கள் படியருகே கூடி அண்ணாந்து பார்த்தார்கள். ஏந்த வேண்டிய மூட்டை மெத்தையிலேயே கிடந்தது.

மாமி படியருகே நின்று முதலாளியைப் பிடித்துக்கொண்டாள். "ஏன் கணேசமூர்த்தி, இவ்வளவு வியாபாரம் பண்றேள், நாலு நாற்காலி வாங்கிப் போடப்படாதா? கல்யாணப் பொண்ணுக்குத்தான் இருபது வயசு. ஜவுளி எடுக்கறவாளுக்கெல்லாமுமா இருபது வயசு?"

இடுப்பு வீங்கிவிட்டது. வடிவேலு மறுநாள் காலை பேச்சுக் கொடுக்காமல் மெதுவாக மிதித்து ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனான். டாக்டர் படம் எடுத்துப் பார்த்து, நல்ல வேளை, எஃகுத் தலை இடம் மாறவில்லை, தசைதான் பிசகியிருக்கிறது என்றார். இந்தத் தடவை நாதன் பின்னால் நின்ற வரிசையைப் பொருட்படுத்தவில்லை.

"டாக்டர், நான் எப்ப சம்மணம் போடலாம்?"

டாக்டர் படத்திலிருந்து கண்ணை எடுத்தார். "எப்பவும் கூடாது. முதல் நாளே சொன்னேனே."

"கூடாதுன்னீய. எப்பவும்னு சொல்லலியே."

"இதுல எப்பவும்னு தனியா வேற சொல்லணுமா?"

வீட்டுக்கு வந்து நாதன் தங்கபுஷ்பத்திடம் சொன்னபோது அவளுக்குத்தான் கோபம் பொங்கியது. "பத்தியம்னா ஒரு நாளைக்கு முடியணும்லா? முடியாததுக்குப் பேரு பத்தியமா? அதுக்கு வேற பேருல்லா சொல்லணும் அவரு!" தலையணைகள் இரண்டையும் எடுத்துப் பரணில் எறிந்தாள். நாதன் நாற்காலியில் உட்கார்ந்து கம்பைப் பிடித்தபடி இருந்தார். சுவரை அடிக்கவும் தோன்றவில்லை. வலி போகாது என்றால்கூடத் தாங்கியிருப்பார். இதற்கு முடிவு நாள் கிடையாது என்பது தெரியாமல் அத்தனை மாதம் தினமும் காலை முறுக்கிக்கொண்டிருந்தோம் என்பதைத்தான் தாங்க முடியவில்லை.

கடையிலிருந்து சேதிகள் ஜவஹர் வழியாக வந்தன. முதலாளி உண்மையிலேயே நாற்காலிகள் வாங்கிவிட்டார், வாடிக்கையாளர்களுக்கு மட்டும். அதில் வேறு சிக்கல். வந்தவர்கள் நாற்காலியில் உட்கார, விற்பவன் மெத்தையில் உட்கார, அவர்கள் செருப்பில்லாத கால்கள் சரியாகப் பட்டுக்கு நேராக வந்து நின்றன. முதலாளி அதைப் பார்த்த அன்று மத்தியானம் சாப்பிடவில்லை. ஆகவே மெத்தையை எடுத்துவிட்டு நீளமாக ஒரு மேஜை. பட்டு மேஜைமேல், வாங்குகிறவர்கள் நாற்காலியில், விற்கிறவர்கள் மேஜைக்குப் பின்னால் நின்றபடி.

"எல்லாம் ஒங்களாலதான் அண்ணாச்சி," என்றான் ஜவஹர். "சம்மணம் போட்டு ஜம்முனு இருந்தோம். இனிமே நாள் பூரா நிக்கணும்."

நாதன் மனத்துக்குள் ஒரே ஒரு சொல்தான் நின்றது. நிற்க வேண்டும். உட்கார முடியாததால் போன இடம், இனி நிற்க முடியாததாலும் போகிறது. கால் மணி நேரம் நின்றால் தொடைக்குள் அந்தச் சொத்தைப் பல் விழித்துக்கொள்ளும்.

அடுத்த நாள் வடிவேலு ரிக்ஷாவில் கடைக்குப் போனார். மாடியில் தச்சர் நூல் பிடித்து மேஜைக்கு அளவெடுத்துக்கொண்டிருந்தார். முதலாளி பக்கத்தில் நின்றார்.

"வாங்க அண்ணாச்சி. ஏன் சிரமப்பட்டு ஏறினீய?" என்றார் முதலாளி. "கல்லாப் பக்கம் நாற்காலி அப்பிடியேதான் இருக்கு."

"எனக்குக் கல்லா வேண்டாம். பட்டு வேணும்."

"நின்னு விக்க முடியுமா?"

"முடியாது. ஸ்டூல் வேணும்."

"காலு தொங்குமே அண்ணாச்சி. எத்தன தடவ சொல்ல?"

"மேஜைக்கு முன்பக்கம் கீழ வரைக்கும் பலகை அடைச்சிட்டா, தொங்குறது யாருக்குத் தெரியும்?"

முதலாளி சுவரிலிருந்த படத்தை ஏறிட்டுப் பார்த்தார். "மனுசருக்குத் தெரியாது. லெச்சுமிக்குத் தெரியும்லா?"

நாதன் கம்பைத் தரையில் ஓங்கி ஊன்றினார். தச்சர் திரும்பிப் பார்த்தார். "நான் விழுந்தப்ப அவளை மாரோட அணைச்சிக்கிட்டுல்லா விழுந்தேன்! கைய ஊனியிருந்தா இந்த இடுப்பு தப்பிச்சிருக்கும். அது அவளுக்குத் தெரியுமா, தெரியாதா? கேட்டுச் சொல்லுங்க!"

இருபத்தைந்து வருஷத்தில் அவர் முதலாளியிடம் குரல் உயர்த்தியது அது ஒரு தடவைதான். ஜவஹர் மூச்சுவிடாமல் ஒரு புடவையை மடித்துக்கொண்டிருந்தான். முதலாளி வேட்டி நுனியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டார். பிறகு தச்சரிடம், "முன்னால பலகை அடைச்சிரும், தரை வரைக்கும்," என்று சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போனார்.

மேஜை ஐப்பசி பிறந்ததும் வந்தது. அதன் பின்னால் முதல் இடத்தில் ஓர் உயரமான ஸ்டூல். அதில் உட்கார்ந்து வீசினால் முந்தானை மேஜை விளிம்பைத் தாண்டுவதில்லை. எழுந்து தள்ளிவிட வேண்டியிருக்கிறது. ஒவ்வொரு தடவை எழும்போதும் தொடை வலிக்கிறது. அந்தத் தீபாவளிக்கு, கடை திறந்ததிலிருந்து சாத்துகிற வரைக்கும், நாதன் அண்ணாச்சி அங்கே உட்கார்ந்து பட்டு விற்றார்.